கோல் அடித்தவர் மட்டும்தான் ஜாம்பவானா?

ஞாயிற்றுக்கிழமை பகல். தோட்டத்துக் கோப்பிக்கடையில் தேநீருக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தோம். பக்கத்து மேசையில் நாலு பேர், கைகலப்பு ஒன்றுதான் பாக்கி. சம்பளப் பேச்சு இல்லை, கிராணியைப் பற்றிய புகாரும் இல்லை. எல்லாம் பந்து விவகாரம். சிலாங்கூர் காற்பந்துக் குழுவுக்கு ஆடியவர்களில் யாரை ஜாம்பவான் என்று சொல்லலாம் என்பதுதான் வழக்கு.

"மொக்தார் ஒருத்தர்தான். மத்தவங்கள்லாம் நல்ல ஆட்டக்காரங்க, அவ்வளவுதான்" என்றார் ஓர் இளைஞர்.

"அப்போ நம்ம ஆறுமுகம்?" என்று கேட்டார் ஒரு பெரியவர். பால்மரம் வெட்டியே முதுகு வளைந்தவர்.

"அவரு கோல்கீப்பர்தானே தாத்தா. எத்தனை கோல் போட்டாரு?"

"எத்தனை போட்டாருன்னு கேக்கறியே தம்பி, எத்தனையைப் போக விடாம புடிச்சாருன்னு கேளேன்" என்றார் பெரியவர். இளைஞர் சிரித்தார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. ஆனால் நம்மை அந்தக் கேள்வி விடவில்லை. ஆகவே இந்த வாரம் அதையே எழுதுகிறோம்.

முதலில் மொக்தார் டஹாரி. அவரைப் பற்றி இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. செத்தாப்பாக்கில் பிறந்த பிள்ளை. 'சூப்பர்மோக்' என்று நாடே அழைத்தது. நாட்டுக்காக 142 ஆட்டங்களில் 89 கோல்கள் போட்டார் என்று அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1975இல் இங்கிலாந்தின் ஆர்சனல் குழு இங்கு வந்தபோது, சிலாங்கூர் தேர்வுக் குழு 2-0 என்று வென்றது. இரண்டு கோலும் அவர் போட்டவை. 1991இல், 37 வயதில், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய்க்கு அவர் பலியானார். பகாங் மாநிலம் கம்பாங்கில் இளம் ஆட்டக்காரர்களைப் பயிற்றும் கழகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மொக்தார் ஜாம்பவான்தான். அதில் நமக்கும் அந்த இளைஞருக்கும் சண்டையே இல்லை.

ஆனால், ஒருவர் மட்டும் ஆடியா கிண்ணம் வந்தது?

1971 முதல் 1986 வரையிலான 16 ஆண்டுகளில் சிலாங்கூர் 11 முறை மலேசியக் கிண்ணத்தை வென்றது. 2015 வரை மொத்தம் 33 முறை. வேறு எந்தக் குழுவும் அந்த எண்ணிக்கையை நெருங்கவில்லை. முன்னால் நின்று கோல் போட மொக்தார் இருந்தார். பின்னால் நின்று காத்தவர்கள் யார்? மலாக்காவில் தொடங்கி சிலாங்கூருக்கு வந்த சோ சின் ஆன். 'தவுக்கே' என்று ரசிகர்கள் செல்லமாகக் கூப்பிட்டார்கள். அவர் பக்கத்திலே சந்தோக் சிங். இவர்களுக்கு முன்னே எம். சந்திரன். 1972இல் மியூனிக் ஒலிம்பிக் போட்டிக்குப் போன நம் நாட்டுக் குழுவுக்குத் தலைவர் அவர். அங்கே அமெரிக்காவை 3-0 என்று தோற்கடித்தோம்.

எல்லாருக்கும் பின்னே, கம்பத்துக்கு நடுவே நின்றவர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகள். பந்து எந்த மூலைக்குப் போனாலும் அந்தக் கை அங்கே இருக்கும். 'ஸ்பைடர்மேன்' என்று ரசிகர்கள் பெயர் வைத்தது சும்மா இல்லை. 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்று ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெற்றோமே, அன்றும் கோல் காத்தவர் அவர்தான். வெற்றிக் கோலைப் போட்ட ஜேம்ஸ் வோங் பெயர் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. பிடித்தவர் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? அந்த ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கை நம் நாடு புறக்கணித்ததால், தகுதி பெற்றும் அவர்கள் போக முடியவில்லை. 1988 டிசம்பரில் ஆறுமுகம் கார் விபத்தில் இறந்தார். வயது 35தான்.

தோட்டத்தில் வேலை செய்யும் நமக்கு இது புரியாத கணக்கல்ல. பால் வெட்டுகிறவர் கொண்டுவரும் பாலை நிறுத்து எழுதுகிறார்கள். கான் வெட்டியவர், புல் அடித்தவர், உரம் போட்டவர் வேலையை எந்தத் தராசில் நிறுப்பது? அவர்கள் இல்லாவிட்டால் வாளியில் பால் ஏது? கோல் என்பது நிறுத்து எழுதிய பால். கோல்கீப்பர் செய்தது எழுதப்படாத வேலை. எழுதவில்லை என்பதால் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். பெரியவர் "நம்ம ஆறுமுகம்" என்றபோது நமக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் 'நம்ம ஆளு' என்பதற்காக மட்டும் அவரைத் தூக்கிப் பிடித்தால், அது அவருக்கு மரியாதை ஆகாது. அவர் சலுகையில் கம்பத்துக்கு நடுவே நின்றவர் இல்லை. மலாய்க்காரர், சீனர், தமிழர், சீக்கியர் என்று எல்லாரும் சேர்ந்து ஆடிய குழுவில், திறமையால் அந்த இடத்தைப் பிடித்தவர். மொக்தாருக்காக நாம் கை தட்டினோம். ஆறுமுகத்துக்காக அவர்களும் தட்டினார்கள்.

ஜாம்பவானுக்கு நம்மிடம் மூன்று அளவுகோல் உண்டு. ஒன்று, எத்தனை ஆண்டு அந்தச் சட்டைக்கு உழைத்தார்? இரண்டு, நெருக்கடியான நாளில் எப்படி நின்றார்? மூன்று, பின்னால் வருகிறவர்களுக்கு என்ன விட்டுப் போனார்? மூன்றாவதற்குக் கே. ராஜகோபாலைச் சொல்வோம். சிலாங்கூருக்கு ஆடியவர். பிறகு பயிற்றுநராகி 2009 சீ விளையாட்டில் தங்கமும், 2010இல் தென்கிழக்காசியக் கிண்ணமும் நாட்டுக்கு வாங்கித் தந்தார். அவருக்கும் பட்டியலில் இடம் வேண்டும் என்பதே நம் கட்சி.

1967இல் சிலாங்கூர் ஆசியக் கிளப் போட்டியில் இறுதி ஆட்டம் வரை போனது. அந்தக் குழுவில் ஆடியவர்களில் இரண்டு பேர் பெயரை நம் பிள்ளைகளால் சொல்ல முடியுமா? சொல்லிக்கொடுக்காதது நம் குற்றம்தான்.

நம் தோட்டங்களிலும் இதே கதைதான். ஒரு காலத்தில் தோட்டத்துக்கு ஒரு திடல், திடலுக்கு ஒரு குழு. சாயங்காலம் ஆனால் ஆண்கள் பந்தோடு இறங்குவார்கள். சேறு படிந்த சட்டையை வீட்டுப் பெண்கள் துவைப்பார்கள். இன்று பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. திடல் போனதோடு பெயர்களும் போய்க்கொண்டிருக்கின்றன.

ஆகவே வாசகர்களே, ஒரு வேண்டுகோள். உங்கள் லயத்திலோ, பக்கத்து வீட்டிலோ பழைய ஆட்டக்காரர் ஒருவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய், எந்த இடத்தில் ஆடினார், யாரோடு ஆடினார் என்று கேளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கோல் போட்டவர் பெயரோடு, பிடித்தவர் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள்.