சிதறல்களைத் தாங்கும் கண்ணாடி: தேர்வுக்கு உரிய அளவுகோல்கள்

மனித உடலின் மேற்பரப்பில் கண்களின் பங்கு ஏறத்தாழ 0.1 சதவீதமே என்றாலும், அண்மைக் காலப் போர்களில் ஏற்பட்ட காயங்களில் கண் காயங்களின் பங்கு அதைவிடப் பல மடங்கு மிகுதியாக இருந்துள்ளது. இவற்றுக்குப் பெரிதும் காரணமாவது நேராக வந்து பாயும் தோட்டா அன்று. வெடிப்பின்போது நாற்புறமும் தெறிக்கும் உலோகத் துணுக்குகளும் கற்களும் மணலுமே. கையில் பட்டால் தோலைக் கீறிவிட்டுப் போகும் சிறு துணுக்குகூடக் கண்ணில் பட்டால் பார்வையைப் பறித்துவிடும் என்பதால், இத்தகைய சிதறல்களைத் தடுப்பதற்கென்றே படைத்துறைப் பாதுகாப்புக் கண்ணாடிகள் உருவாயின. ரைபிள் தோட்டாவின் ஆற்றல் பெரும்பாலும் 1,500 ஜூலைத் தாண்டுவதால், அதைத் தடுப்பது இவற்றால் ஆகாத காரியம்.

இவற்றின் வில்லைகள் பெரும்பாலும் பாலிகார்பனேட் என்னும் நெகிழியால் ஆனவை. 1953-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல் உருவாக்கிய இப்பொருளை, ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் டேனியல் ஃபாக்ஸும் தனியாகக் கண்டறிந்தார். சாதாரணக் கண்ணாடியில் ஒரு விரிசல் விழுந்தால் அது நொடிக்குள் முழுவதும் ஓடிவிடுகிறது. பாலிகார்பனேட்டிலோ நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவி இடங்கொடுப்பதால், மோதலின் ஆற்றல் வில்லையைக் குழியச் செய்வதிலேயே செலவாகிறது.

எவ்வளவு ஆற்றலைத் தாங்கும் என்பதைத் தரநிலைகளே சொல்லும். தொழிலகங்களுக்கான அமெரிக்கத் தரநிலையான இசட் 87.1-இன் அதிவேகச் சோதனையில், 6.35 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 46 மீட்டர் வேகத்தில் மூக்குக்கண்ணாடியின் மீது எய்யப்படுகிறது. தேறியவற்றில் 'இசட் 87+' என்னும் முத்திரை இருக்கும். அமெரிக்கப் படைத்துறைச் சோதனையிலோ 0.38 கிராம் எடையுள்ள துணுக்கு வினாடிக்கு ஏறத்தாழ 200 மீட்டரும் அதற்கு மேலுமான வேகத்தில் பாய்கிறது. எடை அந்த எஃகுக் குண்டினுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்றாலும், இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், அதன் தாக்கம் முந்தையதைப் போல் ஏறத்தாழ 7 மடங்காகிறது. வில்லைக்குப் பின்னே மெல்லிய அலுமினியத் தகடு ஒன்றையும் வைத்திருப்பார்கள். அதில் துளை விழுந்தால் கண்ணாடி தேறாது. ஆகவே 'பாலிஸ்டிக்' என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்குவது சரியன்று. எந்தத் தரநிலையின்படி சோதிக்கப்பட்டது என்று கேட்டு அறிவதே முறை.

நீடித்த உழைப்பு என்பது வேறு கேள்வி. மோதலைத் தாங்கும் பாலிகார்பனேட்டின் மேற்பரப்பு மென்மையானது. மணல் படிந்த வில்லையைச் சட்டை நுனியால் துடைத்தாலே கீறல் விழும். அதைத் தடுக்கவே கடினப் பூச்சு இடப்படுகிறது. ஆனால் கடினமான பூச்சு எளிதில் விரிசல் காணக்கூடியது என்பதால், தரமற்ற பூச்சு வில்லையின் தாங்குதிறனையே குறைத்துவிடக்கூடும். பூச்சுடன் கூடிய நிலையிலேயே சோதித்துச் சான்று பெற்ற கண்ணாடியைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இதுதான். அசிட்டோன், தின்னர் போன்ற கரைப்பான்கள் பட்டால் பாலிகார்பனேட்டில் கண்ணுக்குப் புலப்படாத நுண்விரிசல்கள் தோன்றும். ஆகவே தண்ணீரில் அலசி, மென்மையான சோப்பால் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுப்பதே போதுமானது.

வில்லை எவ்வளவு உறுதியாயினும், பக்கவாட்டிலும் புருவத்தின் கீழும் இடைவெளி விட்டால் துணுக்கு அவ்வழியே நுழையும். அடிவாங்கியதும் சட்டகத்திலிருந்து வில்லை கழன்றால் அதுவே கண்ணைக் காயப்படுத்தும். பார்வைக் குறைபாடு உள்ளோர் சாதாரண மூக்குக்கண்ணாடியைப் போதுமெனக் கருதாமல், பாதுகாப்பு வில்லையின் உட்புறம் பொருத்தும் பவர் வில்லைகளை நாட வேண்டும். நீராவி படிந்து பார்வையை மறைக்கும் கண்ணாடியை எவரும் நெடுநேரம் அணிந்திருப்பதில்லை ஆதலால், பனிப்படலத் தடுப்புப் பூச்சு ஆடம்பரம் அன்று.

ஒருமுறை பலமான மோதலைத் தாங்கிய வில்லை வெளிப்பார்வைக்குப் பழுதின்றித் தோன்றினாலும் உள்ளே வலுவிழந்திருக்கக்கூடும்; ஆழ்ந்த கீறல் விழுந்ததும் அப்படியே. அத்தகைய வில்லையை அன்றே மாற்றிவிட வேண்டும். உதிரி வில்லை தனியே கிடைக்கும் கண்ணாடியை முதலிலேயே தேர்ந்தெடுத்தால், அதற்காகும் செலவும் குறையும்.