சிப்பாய்னா யாரு? அக்னிவீரும் சிப்பாயும் ஒன்றா? முழு விளக்கம்

ராணுவ வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்களைக் கேட்டால், "சிப்பாய் வேலைக்குத்தான் போறேன்" என்பார்கள். ஆனால் இப்போது பெரும்பாலானோர் நேரடியாகச் சேருவது சிப்பாய் பதவியில் இல்லை. அப்போ சிப்பாய் என்றால் யார்?

சொல் எங்கிருந்து வந்தது?

பாரசீகத்தில் 'சிபாஹ்' என்றால் படை. படையில் இருப்பவர் 'சிபாஹி'. அதுதான் ஆங்கிலத்தில் 'செபாய்', தமிழில் 'சிப்பாய்' ஆனது. ஐரோப்பியக் கம்பெனிகள் சம்பளம் கொடுத்துச் சேர்த்த இந்திய வீரர்களுக்கு இந்தப் பெயர் நிலைத்தது.

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்துக்கும் இந்தச் சொல் பழசு. 1751ல், கர்நாடகப் போர் சமயத்தில், இங்குள்ள விருத்தகிரீஸ்வரர் கோயிலின் உயர்ந்த மதிலைக் கம்பெனிப் படை கோட்டை போலப் பயன்படுத்தியது. அந்தப் படையில் சிப்பாய்களும் இருந்தார்கள். 1806ல் வேலூர் கோட்டையில் கம்பெனியை எதிர்த்து எழுந்தவர்களும் சிப்பாய்கள்தான்.

இப்போது யார் சிப்பாய்?

இந்திய ராணுவத்தில் இது இன்றும் அதிகாரப்பூர்வப் பதவிப் பெயர். சட்டைக் கையில் பட்டை இருக்காது. லான்ஸ் நாயக்குக்கு ஒரு பட்டை, நாயக்குக்கு இரண்டு, ஹவில்தாருக்கு மூன்று. இதே நிலையில் இருப்பவரை பீரங்கிப் படையில் 'கன்னர்', பொறியாளர் படையில் 'சாப்பர்', சிக்னல்ஸ் பிரிவில் 'சிக்னல்மேன்' என்பார்கள்.

அக்னிவீர் சிப்பாயா?

இல்லை. 2022ல் வந்த அக்னிபாத் திட்டத்தில் அக்னிவீர் என்பது தனிப் பதவி. பணிக்காலம் 4 ஆண்டுகள். அதன்பின் அதிகபட்சம் 25 சதவீதம் பேர் நிரந்தரப் பணிக்குத் தேர்வாவார்கள். அவர்கள் குறைந்தது இன்னும் 15 ஆண்டுகள் பணியாற்ற வேண்டும்.

என்ன வித்தியாசம்?

சிப்பாய்க்கு 15 ஆண்டு பணி முடித்தால் ஓய்வூதியம் உண்டு, முன்னாள் ராணுவத்தினர் தகுதியும் உண்டு. 4 ஆண்டில் வெளியேறும் அக்னிவீருக்கு இரண்டுமே கிடையாது. 'சேவா நிதி'யாகச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் கிடைக்கும். இதில் அசலில் பாதி அவரது சம்பளத்திலேயே பிடித்த பணம். மீதிப் பாதி அரசு போடுவது.

பேச்சு வழக்கில் இருவரும் சிப்பாய்தான். ஆனால் ஓய்வூதியம், சலுகை எல்லாம் பதவிப் பெயரை வைத்தே முடிவாகும். அதனால் கையெழுத்துப் போடும் முன் அறிவிப்பில் பதவிப் பெயரையும் பணிக்காலத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.