கேசிங்குக்குள் காற்றின் மார்க்கம்

கண்டி மலைநகரமாதலால் அங்குள்ள கணினிகளுக்கு உஷ்ணத்தைப் பற்றிய கவலை வேண்டியதில்லை என்று எண்ணுவோர் பலர். கொழும்பைவிட அங்கு வெப்பம் சில பாகை குறைவு என்பது மெய்யே. ஆயினும் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் குறைந்துவிடுவதால், ஒரு லீற்றர் காற்று சுமந்து செல்லக்கூடிய உஷ்ணமும் அந்த அளவுக்குக் குறைகிறது. 300 வாட் மின்சாரத்தை உட்கொண்டு அதனை அநேகமாக முழுவதும் வெப்பமாகவே வெளிவிடும் ஒரு மேசைக் கணினியின் ஊடே செல்லும் காற்று 10 பாகைக்கு மேல் சூடேறாதிருக்க வேண்டுமானால், கொழும்பில் விநாடிக்குச் சுமார் 25 லீற்றர் காற்று உட்புகுந்து வெளியேற வேண்டும். கண்டியிலோ சுமார் 26 லீற்றர் வேண்டும்.

கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 120 மில்லிமீற்றர் விசிறி ஒன்றே இந்தக் காரியத்தைச் செய்துவிடும் என்று அதன் பெட்டியில் அச்சிட்ட கணக்கு சொல்லும். அந்தக் கணக்கு தடையற்ற வெளியில் அளந்தது. தூசுவலை, கண்ணாடி முகப்பு, வயர்க் கட்டுகள் ஆகியவை குறுக்கிடும் கேசிங்குக்குள் காற்றின் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். அதைக் கண்டு விசிறிமேல் விசிறியாகப் பூட்டுவோர், அவற்றின் எண்ணிக்கையைக் கருதுகிறார்களேயன்றி, காற்று எவ்வழியே போகிறது என்பதைக் கருதுவதில்லை.

விசிறியின் வலிமையைவிடக் காற்றின் வழியே முக்கியம் என்னும் உண்மையைத் தேயிலைத் தொழிற்சாலைக்காரர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். பறித்த கொழுந்தை வாட்டுவதே தேயிலை செய்வதில் முதற் கிரியை. இக்காலத்துத் தொழிற்சாலைகளில் நீண்ட தொட்டிகளின் வலைத்தளத்தில் கொழுந்தைப் பரப்பி, ஒரு முனையிலுள்ள பெரிய விசிறியால் அடியிலிருந்து காற்றைச் செலுத்துவார்கள். கொழுந்து ஓரிடத்தில் தடிப்பாகவும் மற்றோரிடத்தில் மெல்லியதாகவும் கிடந்தால், விசிறி எத்துணை வலியதாயினும், காற்று மெல்லிய இடத்தைத் தேடி அவ்வழியே தப்பிவிட, தடித்த இடம் வாடாமலே நின்றுவிடும். எளிதான வழி கிடைத்தால் கஷ்டமான வழியிற் செல்லாமை காற்றின் சுபாவம்.

கேசிங்குக்குள்ளும் இதுவே நியதி. முன்புறத்துக் கீழ்ப்பகுதியில் குளிர்ந்த காற்றை உள்ளிழுக்கும் விசிறிகள் இரண்டு, பின்புறத்தில் புரொசஸருக்கு நேரே சூடான காற்றை வெளியேற்றும் விசிறி ஒன்று என்னும் பழகிய ஒழுங்கு சிறந்ததாக இருப்பதற்குக் காரணம், காற்று கிராபிக்ஸ் கார்டையும் புரொசஸரையும் தழுவிச் சென்ற பிறகே வெளியேற நேர்வதுதான். மேற்கூரையில் விசிறி பூட்ட விரும்புவோர் அதனைப் பின்பக்கமாக வைப்பது நலம். முன்பக்கமாக வைத்து வெளியே வீசச் செய்தால், அப்போதுதான் உட்புகுந்த குளிர்ந்த காற்று, ஒரு பிரயோஜனமும் செய்யாமல், நேரே மேலேறிப் போய்விடும்.

சூடான காற்று தானே மேலெழும் ஆகையால் விசிறிகளும் மேல்நோக்கியே வீச வேண்டும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அரை மீற்றர் உயரமுள்ள கேசிங்கில், 10 பாகை வெப்ப வித்தியாசம் உண்டாக்கும் மேலுந்தலின் அழுத்தம் 0.2 பாஸ்கலுக்கும் குறைவு; சாதாரண விசிறி ஒன்றோ 10 பாஸ்கல் அளவுக்கு அழுத்தம் தர வல்லது. ஆகவே காற்றின் திசையை விசிறியே நிர்ணயிக்கிறது. அத்திசையைப் பொருந்தாதபடி வகுத்ததும் உண்டு. 1995இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஏடிஎக்ஸ் என்னும் கணினிக் கட்டமைப்பு நியமத்தின் முதல் வடிவம், பவர் சப்ளையின் விசிறி வெளிக்காற்றை உள்ளிழுத்துப் புரொசஸர்மேல் வீசும் என்று வகுத்திருந்தது. பவர் சப்ளை தன் சூட்டையும் அக்காற்றோடு சேர்த்தே அனுப்பிற்று. பின்னர் அம்முறை கைவிடப்பட்டு, விசிறி வெளியே வீசலாயிற்று.

தூசியின் காரியமும் இதனோடு சம்பந்தமுடையது. வெளியேற்றும் விசிறிகள் மிகுந்தால் உள்ளே அழுத்தம் குறைந்து, வலையற்ற இடுக்குகளினூடே காற்று தூசியோடு புகும். உள்ளிழுப்பவை சற்று மிகுந்தால், பெரும்பாலான காற்று வலையைக் கடந்தே வரும். மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில், வாகனப் புகை எளிதில் கலைந்து போகாத கண்டி நகர வீதியோர வீடுகளுக்கும் கடைகளுக்கும் பிந்திய ஏற்பாடே உகந்தது. ஆனால் வலையை அவ்வப்போது கழுவாவிடில், அதுவே காற்றைத் தடுக்கும் சுவராகிவிடும்.

பங்குனி, சித்திரை மாதங்களில் கணினி அளவுக்கு மீறிச் சூடேறினால், புதிய விசிறி வாங்குமுன் ஒரு பரீட்சை செய்து பார்க்கலாம். மேசையின் மூடிய அறையிலிருந்து கணினியை வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, அதே வேலையைச் செய்வித்து வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கக் கதவைக் கழற்றிவிட்டு மீண்டும் குறியுங்கள். வெப்பம் பல பாகை இறங்கினால் குற்றம் காற்றின் வழியில் உள்ளது. விசிறிகளின் ஸ்தானத்தையும் திசையையும் மாற்றினால் பெரும்பாலும் போதும். இறங்காவிடில் குற்றம் வேறிடத்தில், அதாவது புரொசஸர்மேல் அமர்ந்த கூலரிலோ, இரண்டுக்கும் இடையில் உலர்ந்துபோன வெப்பங்கடத்தும் பசையிலோ இருக்கக்கூடும். அதற்குப் புதிய விசிறி பரிகாரமாகாது.