ஆக்கப் பொறுத்தால் போதாது, ஆறவும் பொறுக்கணும்! வீட்டிலேயே கண்ணாடி மணி செய்வது எப்படி?

கண்ணாடிக் குச்சியை நெருப்பில் காட்டு. தேன் மாதிரி உருகும். அதைக் கம்பியில் சுற்று. மணி ரெடி!

கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது? வீட்டில் ஒரு மேஜையும் ஒரு கியாஸ் டார்ச்சும் இருந்தால் போதும், நாமும் செய்து நாலு பேருக்கு விற்கலாமே என்று பலருக்கு ஆசை வருகிறது. ஆசை தப்பே இல்லை. செய்யலாம்.

ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். நெருப்பில் இருந்து எடுத்த மணி முழு மணி அல்ல. அது பாதிதான். மீதிப் பாதி, அது ஆறும் நேரத்தில் இருக்கிறது. அந்த நேரத்தைக் கொடுக்காவிட்டால், இன்றைக்குப் பளபளக்கும் மணி நாளைக்கோ, அடுத்த மாதமோ 'டக்'கென்று இரண்டாகப் பிளக்கும். அப்போது அது யார் கழுத்தில் இருக்குமோ!

"ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கலையா?" என்று சோற்றுக்கு அவசரப்படுகிறவர்களை வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். கண்ணாடி மணிக்கும் அதே சட்டம்தான்.

விவரம் வருமாறு:-

விளக்கில் பிறந்த தொழில்

இந்த வேலைக்கு "விளக்கு வேலை" என்று பெயர். கியாஸ் வருவதற்கு முன்னால் எண்ணெய் விளக்கின் சுடரில், காலால் துருத்தி மிதித்துக் காற்றடித்து, கண்ணாடியை உருக்கினார்கள். அதனால் வந்த பெயர்.

இத்தாலியில் வெனிஸ் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் முரானோ தீவு இதற்குப் பேர் போனது. 1291-ல், தீ விபத்துக்குப் பயந்து, வெனிஸ் நகரத்துக் கண்ணாடி உலைகளை அந்தத் தீவுக்குப் போகச் சொல்லி உத்தரவு போட்டார்கள். தீயைக் கண்டு பயம் அப்போதே இருந்திருக்கிறது பாருங்கள்! இத்தாலி, பிரான்சு நாடுகளின் கண்ணாடி மணிக் கலையை 2020-ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நம் நாட்டில் உத்தரபிரதேசம்தான் முன்னணி. ஹாத்ரஸ் மாவட்டத்துப் புர்தில்நகரும், காசியும் கண்ணாடி மணிக்குப் பெயர் பெற்ற ஊர்கள். காசி மணிக்குப் புவிசார் குறியீடே உண்டு.

நம் பக்கமும் சளைத்தது இல்லை. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-ல் மார்டிமர் வீலர் தோண்டினார். அந்த மண்ணில் கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வேறு வகை. கண்ணாடியை நீளமான குழாயாக இழுத்து, பிறகு துண்டு துண்டாக நறுக்கிச் செய்தவை. திருப்பதிப் பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில் அந்த இழுக்கும் முறை இருபதாம் நூற்றாண்டிலும் நடந்தது. அதற்குப் பெரிய உலையும் பல ஆட்களும் வேண்டும். ஒரே ஆள், ஒரே மேஜை என்றால் விளக்கு வேலைதான் சரி.

என்னென்ன வேண்டும்?

மேஜையில் பொருத்தும் டார்ச் ஒன்று. கையில் பிடிக்கிற டார்ச் உதவாது. ஏன் என்றால் இரண்டு கைக்கும் வேலை இருக்கிறது. இடது கையில் கம்பி, வலது கையில் கண்ணாடிக் குச்சி.

டார்ச்சில் இரண்டு ரகம். ஒன்று, கியாஸ் மட்டும் போட்டு, வெளிக்காற்றைத் தானே இழுத்துக்கொண்டு எரிவது. சூடு குறைவு, வேலை மெதுவாக நடக்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இது நல்லது. இன்னொன்று, கியாசுடன் பிராணவாயுவும் சேர்த்து எரிவது. வேகம் அதிகம், சூடும் அதிகம். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, கண்ணாடிக் குச்சிகள். 5, 6 மில்லிமீட்டர் கனத்தில் பல நிறங்களில் கிடைக்கும்.

துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். 2.4 மில்லிமீட்டர் கனம் பழக வசதியாக இருக்கும். இந்தக் கம்பிதான் மணியின் ஓட்டை.

கம்பிக்குப் பூச ஒரு களிமண் கலவை. பூச்சு இல்லாமல் கண்ணாடியைச் சுற்றினால் மணி கம்பியோடு ஒட்டிக்கொண்டு கழன்று வரவே வராது.

கண்ணுக்கு டிடிமியம் கண்ணாடி. சூடான கண்ணாடியில் இருக்கும் சோடியம் ஒரே மஞ்சள் வெளிச்சமாகக் கண்ணைக் கூசவைக்கும். அதற்குள் மணி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. டிடிமியம் அந்த மஞ்சளை மட்டும் தடுத்துவிடும். பிளாட்பாரத்துக் கூலிங்கிளாஸ் இதற்கு உதவாது.

கடைசியாக, சூடு கட்டுப்பாடு உள்ள எலெக்ட்ரிக் சூளை. செலவு பிடிக்கிற சாமான் இதுதான். "இது இல்லாமல் சமாளிக்க முடியாதா?" என்று எல்லோரும் கேட்கிற சாமானும் இதுதான். பதில் கீழே இருக்கிறது.

ஓசி பாட்டில் வேண்டாம்!

"வீட்டில் காலி பாட்டில் கிடக்கிறதே, அதையே உருக்கினால் என்ன?" என்று ஒரு யோசனை வரும்.

பாட்டிலை மட்டும் தனியாக உருக்கினால் மணி வரும். அதோடு கடைக் குச்சியைக் கலந்தால்தான் ஆபத்து.

எல்லாக் கண்ணாடியும் சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும். ஆனால் ஒரே அளவில் அல்ல. அந்த அளவுக்கு ஒரு நம்பர் உண்டு. முரானோ குச்சிகளுக்கு 104. ஆய்வுக்கூடக் குடுவை செய்கிற போரோசிலிகேட் கண்ணாடிக்கு 33. பாட்டில் கண்ணாடி இரண்டிலும் சேராது.

நம்பர் மாறினால் ஒன்று அதிகம் சுருங்கும், இன்னொன்று குறைவாகச் சுருங்கும். நடுவில் மணி விரிசல் விடும். எத்தனை மெதுவாக ஆற வைத்தாலும் அந்த விரிசலைத் தடுக்க முடியாது. ஆகவே குச்சி வாங்கும்போது நிறத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி நம்பரைப் பாருங்கள். ஒரே நம்பர், முடிந்தால் ஒரே கம்பெனி.

சிலிண்டர் ஜாக்கிரதை!

சமையல்கட்டு சிலிண்டரைத் தூக்கிவந்து டார்ச்சில் மாட்டக்கூடாது. வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டர் சமையலுக்கு மட்டுமே. டார்ச்சுக்கு என்று தனி சிலிண்டர், அதற்கு உரிய ரெகுலேட்டர், அதற்கு உரிய ரப்பர் குழாய் வேண்டும். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கியாஸ் கசிகிறது என்று அர்த்தம்.

சமையல் கியாஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் படுத்துக்கொள்ளும். ஜன்னல் இல்லாத உள்ளறை கூடவே கூடாது. இரண்டு பக்கமும் காற்றுப் போகிற இடம் வேண்டும். அதற்காக மொட்டை மாடியில் வெட்டவெளியிலும் உட்காராதீர்கள். காற்றில் சுடர் உங்கள் பக்கமே திரும்பும்.

மேஜைமேல் தகரம் அல்லது ஓடு பதித்திருக்க வேண்டும். பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும். நைலான், பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். தலைமுடியை முடிந்துகொள்ளுங்கள். முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கியாஸ் கசிவுக்கு 1906. தீ என்றால் 101. சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

இன்னொன்று. சுடுகிற கண்ணாடியும் ஆறின கண்ணாடியும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உடைந்து விழுந்த துண்டை 'சட்'டென்று கையால் எடுக்காதீர்கள். சுட்டுவிட்டால் ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பேனா மை, பற்பசை, எண்ணெய் எதுவும் தடவக்கூடாது.

மணி பிறக்கிறது

கம்பியைப் பூச்சுக் கலவையில் முக்கி, நன்றாகக் காய வையுங்கள்.

டார்ச்சைப் பற்றவையுங்கள். குச்சியை ஒரே அடியாகச் சுடருக்குள் நுழைத்தால் 'பட் பட்' என்று வெடித்துத் தெறிக்கும். சுடரின் கடைசி நுனியில் காட்டி எடுங்கள், காட்டி எடுங்கள். சூடு ஏறியதும் உள்ளே கொண்டுவாருங்கள். நுனி சிவந்து, உருண்டு, பட்டாணி போலத் திரளும்.

அதே நேரத்தில் கம்பியும் சுடரில் இலேசாகச் சிவக்க வேண்டும். கம்பி ஆறியிருந்தால் கண்ணாடி பிடிக்காது.

இப்போது உருகிய நுனியைக் கம்பியில் தொடுங்கள். குச்சியை அசைக்காமல், கம்பியை உங்களுக்கு எதிர்ப்பக்கமாக உருட்டுங்கள். கண்ணாடி தானே சுற்றிக்கொள்ளும். போதும் என்றதும் சுடரால் குச்சியை அறுத்துவிடுங்கள்.

இனிமேல்தான் கைக்குப் பரீட்சை. கம்பியைப் படுக்கை மட்டமாகப் பிடித்து, நிறுத்தாமல் சுழற்ற வேண்டும். ஒரு நிமிஷம் நின்றால் உருகிய கண்ணாடி கீழே தொங்கிவிடும். மணி ஒரு பக்கம் தொப்பை வைக்கும்! சுழன்றுகொண்டே இருந்தால் தானாக உருண்டையாகும்.

மணியின் இரண்டு வாயும் உள்பக்கம் குழிந்து மழமழவென்று இருக்க வேண்டும். கண்ணாடி குறைவாகவும் அகலம் அதிகமாகவும் இருந்தால் வாய் ஊசி போல நீட்டிக்கொண்டு நூலை அறுத்துவிடும். முதல் பத்து, இருபது மணிக்கு இந்தக் கோளாறு இருக்கத்தான் செய்யும். பூ, புள்ளி, கோடு எல்லாம் அப்புறம். முதலில் ஒரு நிற உருண்டை ஒழுங்காக வரட்டும்.

மணிக்குள் நடக்கும் சண்டை

நல்ல உருண்டை வந்துவிட்டது. சிவப்பு அடங்கிவிட்டது. அப்படியே மேஜையில் வைத்தால் என்ன ஆகும்?

வெளித்தோல் முதலில் ஆறிக் கெட்டியாகும். உள்ளே இன்னும் கொதிப்பு. பிறகு உள்ளேயும் ஆறிச் சுருங்கப் பார்க்கும். ஆனால் கெட்டியான தோல் விடாது. உள்ளுக்கும் வெளிக்கும் கயிறு இழுக்கும் போட்டி! மணி அப்போதே பிளக்கலாம். அல்லது அந்த இழுபறியை உள்ளே வைத்துக்கொண்டே பல நாள் சாதுவாக இருந்துவிட்டு, கீழே ஒரு தட்டுத் தட்டினதும் பிளக்கலாம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இந்தச் சண்டையைத் தீர்க்கிற இடம்தான் சூளை. 104 நம்பர் கண்ணாடியை 500 டிகிரிக்குச் சற்று மேலே அரை மணி முதல் ஒரு மணி நேரம் வைத்தால், மணி உருவம் மாறாது, ஆனால் உள்ளே இருக்கும் இறுக்கம் தளர்ந்துவிடும். அதன் பிறகு மணிக்கு 50, 60 டிகிரி வீதம் இறக்கி, 370 டிகிரி வந்ததும் சுவிட்சை அணைத்துவிடலாம். கதவைத் திறக்கக்கூடாது. தானே ஆறட்டும். பெரிய மணிக்கு இன்னும் அதிக நேரம் வேண்டும். குச்சி செய்த கம்பெனி தரும் அட்டவணையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

செய்யப் பத்து நிமிஷம். ஆற ஒரு ராத்திரி. கணக்கு அவ்வளவுதான்.

சூளை இல்லாதவர்களுக்கு...

மாடித்தோட்டத் தொட்டியில் போடுகிற வெர்மிகுலைட்டைச் சூடாக்கி, அதற்குள் மணியைப் புதைக்கிற பழக்கம் உண்டு. நேராகக் காற்றில் வைப்பதைவிட இது மேல். அன்றைக்கே உடையாமல் காப்பாற்றும். ஆனால் இறுக்கத்தைத் தீர்க்காது. இதை வைத்துக்கொண்டு "பக்கா மணி" என்று விற்பது, வாங்குகிறவரை ஏமாற்றுகிற வேலை.

ஒரு வழி இருக்கிறது. வெர்மிகுலைட்டில் உடையாமல் தப்பிய மணிகளைச் சேர்த்துவைத்து, சூடு கட்டுப்பாடுள்ள சூளை வைத்திருக்கும் பீங்கான் பயிற்சிக்கூடத்தில் கேட்டு, எல்லாவற்றையும் ஒரே தடவையில் மெதுவாகச் சூடேற்றி, பிறகு மேலே சொன்னபடி ஆற்றிக்கொள்ளலாம். பழகும்வரை இதுவே போதும். தொழிலாகச் செய்வது என்று முடிவானால், சொந்தச் சூளை வாங்கியே ஆகவேண்டும்.

ஆறின மணியைத் தண்ணீரில் ஊறப்போட்டு, திருகிக் கழற்றுங்கள். ஓட்டைக்குள் ஒட்டிய பூச்சைத் தண்ணீருக்குள் வைத்தே வைர அரத்தால் தேயுங்கள். உலர்ந்த தூள் நுரையீரலுக்கு ஆகாது.

இறுக்கம் தீர்ந்ததா என்று பார்க்கவும் வழி உண்டு. போலராய்டு பிலிம் இரண்டை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து, பின்னால் விளக்கைப் பிடித்தால் இருட்டாகத் தெரியும். நடுவில் நிறமில்லாத மணியைக் காட்டுங்கள். மணிக்குள் வெளிச்சக் கீற்று தெரிந்தால் இறுக்கம் பாக்கி இருக்கிறது. மறுபடி சூளைக்கு அனுப்புங்கள். ஒளி ஊடுருவாத மணியில் இந்தச் சோதனை பலிக்காது. அதற்கு நேரக் கணக்குத்தான் துணை.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கைவேலை மணி என்று யாராவது விலை சொன்னால், பேரம் பேசுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்.

"அண்ணே, இது சூளையிலே ஆற வெச்சதா?"

"ஆமாம்மா, ராத்திரி பூராவும்" என்று பதில் வந்தால் தாராளமாக வாங்கலாம். திருதிருவென்று முழித்தால், பர்சைத் திறக்காமல் நடையைக் கட்டுங்கள்!