இழுக்கும் ஸ்பிரிங் உடைந்தால் என்ன ஆகும்?

ஸ்பிரிங் என்றதும் நம்ம மெக்கானிக்கல் மக்களுக்கு முதலில் ஞாபகம் வருவது டிசைன் பேப்பரில் வரும் கம்ப்ரெஷன் ஸ்பிரிங் கணக்குதான். லோடு கொடுத்திருப்பாங்க, டேட்டா புக்கைப் புரட்டி கம்பி விட்டம் கண்டுபிடிச்சா மார்க் வந்துடும். ஆனால் வெளியே நிறைய இடங்களில் ஸ்பிரிங்கின் வேலை அமுங்குவது இல்லை, இழுப்பது. அந்த இடங்களுக்கு ஸ்பிரிங் தேர்ந்தெடுக்கும்போது ‘எவ்வளவு தாங்கும்?’ என்பதோடு இன்னொரு கேள்வியும் கேட்கணும்: உடைஞ்சா என்ன ஆகும்?

தொட்டில் ஸ்பிரிங்கிலிருந்து ஆரம்பிப்போம்

நம்ம வீடுகளில் உத்தரத்தில் மாட்டி, கீழே தொட்டில் கட்டும் ஸ்பிரிங்கை எல்லோரும் பார்த்திருப்பீங்க. அதுதான் எக்ஸ்டென்ஷன் ஸ்பிரிங். சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், ரெண்டு முனையிலும் அதே கம்பியை வளைத்துக் கொக்கி போட்டிருப்பாங்க. சுற்றும்போதே சுருள்களுக்குள் ஒரு இறுக்கத்தை வைத்துவிடுவதால், அந்த ஆரம்ப இழுவையைத் தாண்டிய பிறகுதான் ஸ்பிரிங் நீள ஆரம்பிக்கும்.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். கம்பி விட்டம் 4 மி.மீ., சுருளின் சராசரி விட்டம் 32 மி.மீ., சுருள்கள் 20, சாதாரண ஸ்பிரிங் ஸ்டீல். நமக்குத் தெரிந்த ஃபார்முலாவில் போட்டால் ஸ்டிஃப்னஸ் ஒரு மி.மீ.க்கு சுமார் 3.9 நியூட்டன் வரும். குழந்தையும் தொட்டிலும் சேர்ந்து 15 கிலோ, அதாவது சுமார் 147 நியூட்டன். ஆரம்ப இழுவை 30 நியூட்டன் என்று வைத்தால், ஸ்பிரிங் 30 மி.மீ. நீளும். வால் ஃபேக்டரையும் சேர்த்துச் சுருளில் வரும் ஷியர் ஸ்ட்ரெஸ் சுமார் 222 மெகாபாஸ்கல். பார்க்க நல்ல டிசைன் மாதிரிதான் இருக்கு, இல்லையா?

இப்போ கொக்கிக்கு வாங்க. சுருளிலிருந்து கொக்கி எழும்பும் அடிப்பகுதியில் வளைவு ஆரம் 6 மி.மீ. என்றால், அங்கே ஷியர் ஸ்ட்ரெஸ் 257 ஆகிவிடும். அதுக்கும் மேல, கொக்கியின் முதுகுப் பகுதியில் வளைவால் வரும் பெண்டிங் ஸ்ட்ரெஸ் தனியாக சுமார் 425 மெகாபாஸ்கல். ரெண்டும் வேறு வகை என்பதால் நேராக ஒப்பிடக்கூடாது. ஆனாலும் சுருளை மட்டும் செக் பண்ணி விட்டுவிட்டால் பலவீனமான இடத்தைப் பார்க்காமலே விட்டதாகும். போதாக்குறைக்கு, கொக்கி வளைக்கும்போது கருவி பட்ட கீறலும் அங்கேதான் இருக்கும். ஃபட்டீக் விரிசல் தொடங்க அது போதும். வளைவு ஆரத்தை 8 மி.மீ. ஆக்கினால், அதாவது கம்பி விட்டத்தைப்போல் ரெண்டு மடங்கு வைத்தால், 257 என்பது 234 ஆகக் குறையும்.

கொக்கி விட்டுப்போச்சுன்னா லோடு அப்படியே கீழே. நடுவில் பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை. அளவுக்கு மீறி இழுத்தாலும் தடுக்க ஆளில்லை, ஸ்பிரிங் நீண்டுகொண்டே போய் நிரந்தரமாகத் தொய்ந்துவிடும்.

டிராபார் ஸ்பிரிங்: அமுக்கி இழுப்பது

இதற்கு ஒரு எளிய மாற்று உண்டு. ஒரு கம்ப்ரெஷன் ஸ்பிரிங்கை எடுத்துக்கோங்க. நீளமான யு வடிவக் கம்பி ஒன்றை மேலிருந்து உள்ளே விட்டு, அதன் நுனிகளை ஸ்பிரிங்கின் அடிமுனையில் மாட்டுங்க. இன்னொரு யு கம்பியைக் கீழிருந்து விட்டு மேல்முனையில் மாட்டுங்க. இப்போ ரெண்டு கம்பியையும் எதிரெதிராக இழுத்தால் என்ன ஆகும்? நாம இழுக்கிறோம், ஆனால் உள்ளே ஸ்பிரிங் அமுங்குகிறது.

இதில் ரெண்டு லாபம். ஒன்று, முழுக்க அமுங்கிச் சுருள்கள் ஒட்டிக்கொண்டதும் ஸ்பிரிங் அதற்குமேல் போகாது, தானே நின்றுவிடும். ரெண்டாவது, சுருள் நடுவில் உடைந்தாலும் துண்டுகள் ரெண்டு யு கம்பிகளுக்கும் இடையில் சிக்கி நிற்கும். லோடு கொஞ்சம் இறங்கும், ஆனால் விழாது. கனமான ஊஞ்சல்களுக்கு இந்த வகையைத் தேடுவது இதனால்தான். நஷ்டமும் உண்டு: எடை, நீளம், விலை எல்லாமே கூடும், ஆரம்ப இழுவையும் கிடைக்காது. யு கம்பியே அறுந்தால் காப்பாற்ற யாருமில்லை என்பதால் அதைத் தாராளமான அளவில் போடணும்.

திருமுக்கூடல் பக்கம் ஓடும் அதே தத்துவம்

இதைப் பெரிய அளவில் பார்க்கணும்னா திருமுக்கூடல் பக்கம் போகலாம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம், பெருமாள் கோயிலும் சோழர் கல்வெட்டும் இருக்கும் ஊர். சுற்றுவட்டாரத்தில் கல் குவாரிகளும் கிரஷர்களும் உண்டு. குவாரிக் கல்லை முதலில் கடித்து உடைக்கும் ஜா கிரஷரின் பின்பக்கம் பாருங்க: ஒரு நீளமான ராடு, அதன் கடைசியில் தடிமனான ஸ்பிரிங், அதை இறுக்கிப் பிடிக்கும் நட்டு.

ஆடும் தாடையின் அடிப்பகுதியைத் தாங்குவது டாகிள் பிளேட். அதை போல்ட் போட்டு இறுக்குவதில்லை, ரெண்டு இருக்கைகளுக்கு நடுவில் சும்மா உட்கார்ந்திருக்கும். தாடையைப் பின்னால் இழுத்து அதை நழுவாமல் வைத்திருப்பதுதான் டென்ஷன் ராடின் வேலை. தாடை முன்னே போகும்போது ராடு இழுபடும், பின்னால் இருக்கும் ஸ்பிரிங் அமுங்கும். அப்படியே டிராபார் தத்துவம்!

ஏன் அங்கே கொக்கி போட்ட ஸ்பிரிங் வைக்கவில்லை? நிமிடத்துக்கு 250 சுற்று என்று வைத்தால், 8 மணி நேரத்தில் 1,20,000 தடவை இழுபடும். 9 நாளில் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். கொக்கியின் அடிவளைவு அங்கே எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே யோசிச்சுப் பாருங்க. இப்போதிருக்கும் அமைப்பில் ஸ்பிரிங் தளர்ந்தாலோ உடைந்தாலோ டாகிள் ‘டக் டக்’ என்று அடித்து ஆபரேட்டருக்குச் சொல்லிவிடும். சத்தம் வருதேன்னு நட்டை ஒரேயடியாக இறுக்குவதும் தப்பு. சுருள்கள் ஒட்டும் அளவுக்கு இறுக்கினால் அமுங்க இடமிருக்காது, முழு அடியும் ராடுக்குப் போகும். ராடு உடைந்தால் டாகிள் கழன்று விழலாம்.

எதை எங்கே எடுப்பது?

1. உடைந்தால் ஆள்மேல் விழுமா? விழும்னா டிராபார் வகை. எக்ஸ்டென்ஷன்தான் போடணும்னா ஸ்பிரிங்கோடு ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் கட்டாயம்.

2. சும்மா இருக்கும்போதே இறுக்கிப் பிடிக்கணுமா? பைக் ஸ்டாண்டு மாதிரி இடங்களுக்கு எக்ஸ்டென்ஷன் ஸ்பிரிங்தான் சரி. சின்ன இடத்தில் அடங்கும், விலையும் குறைவு.

3. எத்தனை தடவை இழுபடும்? லட்சக்கணக்கில் என்றால் கொக்கி வளைவின் ஸ்ட்ரெஸ்தான் முதல் கணக்கு, சுருள் அப்புறம்.

4. ஈரமான இடமா? ஸ்டெயின்லெஸ் போடலாம். ஆனால் அதன் ஷியர் மாடுலஸ் சுமார் 69 கிகாபாஸ்கல், சாதாரண ஸ்பிரிங் ஸ்டீலுக்கு சுமார் 79. அதே அளவில் செய்தால் ஸ்பிரிங் எட்டில் ஒரு பங்குக்கு மேல் இளகலாகிவிடும்.

5. நீளம் கூடுதலா இருக்குன்னு வெட்டாதீங்க. பாதிச் சுருளை வெட்டினால் ஸ்டிஃப்னஸ் ரெண்டு மடங்காகும். கையால் வளைத்த புதுக் கொக்கி பழையதைவிட மோசமாக இருக்கும்.

பரீட்சையில் 222 மெகாபாஸ்கல் என்று எழுதி அடிக்கோடு போட்டால் கணக்கு முடிந்துவிடும். வீட்டில் தொட்டில் தொங்கினால் இன்றைக்கே ஸ்டூல் போட்டு ஏறி, அந்தக் கொக்கியின் அடிவளைவில் கீறல், துரு, விரிசல் ஏதாவது இருக்கான்னு பாருங்க. பக்கத்தில் சங்கிலி இல்லைன்னா கடைக்குப் போய் ஒன்று வாங்கி மாட்டிட்டு வாங்க.