எழுபது வளைவும் ஒரு ஃபேனும்

ஆடிப்பெருக்கு சமயத்தில் காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். செம்மேட்டில் வல்வில் ஓரி விழா, அறப்பளீசுவரர் கோயிலில் கூட்டம், ஆகாய கங்கையில் குளிக்கப் போகிறவர்கள் எல்லாரும் ஒரே சாலையில். வளைவுகள் 70. ஒரு கொண்டை ஊசியில் பேருந்து இறங்கி வந்தால் கீழே வரிசையாக வண்டிகள் நின்றுவிடும். அந்த நெரிசலில்தான் பானட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓரங்கட்டி நிற்கும் கார்களைப் பார்க்கலாம்.

"சேலத்துலேருந்து ஜம்முன்னுதான் வந்துச்சு, மலையில உருட்ட ஆரம்பிச்சதும் ஹீட் ஏறிடுச்சு" என்பார் வண்டிக்காரர். என்னைக் கேட்டால் பாதி நோய் அந்த வாக்கியத்திலேயே பிடிபட்டுவிட்டது. வேகத்தில் குளிர்ந்து, மெதுவாகப் போனால் சூடாகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றை.

பெட்ரோல் எரிந்து வரும் சக்தியில் ஏறத்தாழ கால் பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மூன்றில் ஒரு பங்கு, என்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட்டில் வெப்பமாக இறங்குகிறது. ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள காரை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க மட்டும் சுமார் ஒன்றரை லிட்டர் பெட்ரோல் வேண்டும். அதிலிருந்து கூலன்ட்டில் சேரும் வெப்பத்தைக் கொண்டு 5 லிட்டர் பச்சைத் தண்ணீரைப் பத்துத் தடவை கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். இவ்வளவையும் ரேடியேட்டரின் மெல்லிய அலுமினியத் தகடுகள் வழியாகக் காற்று வாரிக்கொண்டு போக வேண்டும்.

நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே அந்த வேலையைச் செய்துவிடும். ஃபேன் செத்துக் கிடந்தாலும் யாருக்கும் தெரியாது. முதல் கியரில் ஊர்கிறபோது எதிர்க்காற்று என்று ஒன்று கிடையாது. ஃபேன் மட்டும்தான். போதாக்குறைக்கு மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறைகிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கும் வெப்பமும் 1,200 மீட்டரில் 96 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது.

சமவெளியிலேயே சோதித்துவிடலாம். காரை நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சில நொடிகளில் ரேடியேட்டர் ஃபேன் சுற்ற வேண்டும். ஏசிக்குச் சுற்றி, சூட்டுக்குச் சுற்றவில்லையென்றால் வெப்பத்தை அளக்கும் சென்சாரைப் பாருங்கள். இரண்டுக்கும் சுற்றாவிட்டால் ஃபியூஸ், பிறகு ரிலே. பெட்டியில் அதே வகை ரிலே இன்னொன்று இருந்தால் மாற்றிப் போட்டாலே தெரிந்துவிடும். அடுத்து, என்ஜினை அணைத்துவிட்டு, மெக்கானிக்கை விட்டு ஃபேன் பிளக்கைக் கழற்றி பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுக்கச் சொல்லுங்கள். சுற்றினால் மோட்டார் நன்றாக இருக்கிறது, வயரில் குறை. சுற்றாவிட்டால் மோட்டார் போய்விட்டது.

ஃபேன் சுற்றுகிறது, ஆனாலும் சூடாகிறதா? முன் கிரில்லில் ஒரு தாளை வைத்துப் பாருங்கள். உள்ளே இழுத்து ஒட்ட வேண்டும். வெளியே தள்ளினால் பழுது பார்த்தபோது யாரோ இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. தாள் அசையவே இல்லையென்றால் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பூச்சியும் புழுதியும் அடைத்திருக்கலாம். என்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாக, மெதுவான தண்ணீரில் கழுவ வேண்டும். பிரஷரில் அடித்தால் தகடுகள் மடங்கி, இருக்கிற வழியும் அடைபடும்.

காற்று சரியாக இருந்த பிறகே தண்ணீர்ப் பக்கம் வர வேண்டும். கூலன்ட் அளவு. பிறகு ரேடியேட்டர் மூடி: அதன் ரப்பர் வெடித்திருந்தால் உள்ளே அழுத்தம் நிற்காது, அழுத்தம் இல்லையேல் கூலன்ட் சீக்கிரமே கொதிக்கும். ஒரு முனை ஓஸ் கொதித்து மறுமுனை ஓஸ் குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம். சிலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு "இனிமே ஹீட்டே ஆகாது" என்பார்கள். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். என்ஜின் தன் சரியான சூட்டுக்கு வராமலே ஓடும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், உண்மையான குறை அப்படியே கிடக்கும். போர் தண்ணீரை ஊற்றுவதும் இதே ரகம்தான். அதிலிருக்கும் உப்பு ரேடியேட்டர் குழாய்களில் படிந்துவிடும், அப்புறம் எந்த ஃபேனாலும் பயனில்லை.

மலையிலேயே வெப்பமானி முள் ஏறினால் முதலில் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். வியர்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள், அது சின்ன இன்னொரு ரேடியேட்டர். முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் வளைவைத் தாண்டி, அகலமான இடம் பார்த்து நிறுத்தி என்ஜினை அணையுங்கள். மூடியைத் தொடவே கூடாது: அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் திறந்த நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது ஆறட்டும். கொதிக்கும் என்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம். கருகிய வாசனை மட்டும் வந்து முள் நடுவிலேயே இருந்தால் அது கிளட்ச். ஏற்றத்தில் அரைக் கிளட்ச்சில் வண்டியைத் தொங்கவிட்டதன் பலன்.

நிற்கும்போது சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லைக் கிளம்பும்போது எடுத்து ஓரத்தில் போட்டுவிடுங்கள். இரவில் இறங்கும் பைக்காரருக்கு அது தெரியாது.

மலைமேலுள்ள சோளக்காட்டில் ஏறி நின்று சாவியைத் திருப்பிய பிறகும் சில கார்களில் ஃபேன் ஒரு நிமிடம் போல் சுற்றிக்கொண்டிருக்கும். அதைக் கேட்டுப் பதறி பானட்டைத் திறக்க வேண்டாம். பக்கத்துக் கடையில் ஒரு அன்னாசித் துண்டு வாங்கித் தின்று முடிப்பதற்குள் அது தானாக நின்றுவிடும்.