கரண்ட் போனால் முதலில் தீர்வது தண்ணீர்



ஐப்பசி பிறந்துவிட்டால் நம் பக்கத்தில் எந்தப் பேச்சும் சுற்றி வந்து கஜாவில்தான் நிற்கும். 2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த அந்தப் புயல், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் என்று இந்தக் கரை முழுவதையும் உலுக்கிவிட்டுப் போனது. அன்று ஃபஜ்ருக்கு மைக் இல்லை. மோதினார் வாசலில் நின்று சொன்ன பாங்கு பக்கத்துத் தெருவரைக்கும்தான் கேட்டது. காற்று சில மணி நேரத்தில் ஓய்ந்துவிட்டது. கரண்ட் வருவதற்குச் சில தெருக்களுக்கு ஒரு வாரம் ஆனது. தோப்புப் பக்கத்து வீடுகளுக்கு அதைவிட வெகுநாள் ஆனது. டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன.

புயலுக்கு முன் என்ன செய்ய வேண்டும் என்பதை வானொலியும் டி.வி.யும் சொல்லிவிடுகின்றன. கரண்ட் இல்லாத அந்த நாட்களை வீட்டுக்குள் எப்படிக் கழிப்பது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். புயல் அடித்த அன்று மாலை பிஸ்கட் பெட்டிகளும் மெழுகுவர்த்திப் பொட்டலங்களுமாக வீடு வீடாகப் போனோம். மூன்றாவது வீட்டிலேயே ஒரு மூதாட்டி, "மெழுகுவர்த்தி எதுக்கு வாப்பா? ஒளூச் செய்யத் தண்ணி இல்லை, ஒரு குடம் கொண்டாங்க" என்றார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஒரு தலைமுறைக்கு முன் முற்றத்தில் கிணறும் கயிறும் வாளியும் இருந்தன, இல்லாத வீட்டில் கை பம்பாவது இருந்தது. இப்போது எல்லா வீட்டிலும் போர்வெல். கீழே எத்தனை தண்ணீர் இருந்தாலும் மோட்டார் ஓடாமல் ஒரு சொட்டு மேலே வராது. ஆறு பேர் உள்ள வீட்டில், வழக்கம்போல் செலவழித்தால் ஆயிரம் லிட்டர் தொட்டி இரண்டு நாள்கூடத் தாங்காது.

ஆகவே எச்சரிக்கை வந்தவுடன் தொட்டியை விளிம்புவரை நிரப்பி, மூடியைக் கயிற்றால் கட்டிவிடுங்கள். நிறைந்த தொட்டி ஒரு டன் கனம், காற்றுக்கு அசையாது. காலித் தொட்டிகள்தான் கஜாவில் பறந்தன. கரண்ட் போனதும் மாடிக்குப் போய் தொட்டியின் வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து புழங்கும் பழக்கத்தை அன்றோடு நிறுத்தி, காலையில் ஒருமுறை மட்டும் திறந்து வாளிகளில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஃப்ளஷ் டேங்கை மறந்துவிடுங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரும் பிடித்து வைத்த மழைத் தண்ணீரும் கழிவறைக்குப் போதும். ஒளூவைச் செம்பில் செய்யுங்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு தண்ணீரில் ஒளூச் செய்ததாக ஹதீஸ் இருக்கிறது. முத்து என்பது இரு கை சேர்த்து அள்ளும் அளவு, ஒரு லிட்டர்கூட இல்லை. குழாயடியில் நாம் எத்தனை முத்து விடுகிறோம் என்று அந்த வாரம்தான் பலருக்குத் தெரிந்தது.

குடிக்கும் தண்ணீரைத் தனியாக மூடி வையுங்கள். எந்தத் தண்ணீரானாலும் நன்றாகக் கொதித்துக் குமிழி வந்த பிறகு ஒரு நிமிடமாவது அடுப்பில் இருக்கட்டும். குளோரின் மாத்திரை போட்டால் அரை மணி நேரம் கழித்தே குடிக்க வேண்டும். வெள்ளம் ஏறிய கிணற்றைச் சுகாதாரப் பணியாளர் வந்து மருந்து போடும்வரை குடிக்கப் பயன்படுத்தாதீர்கள்.

அடுத்தது ஜெனரேட்டர். கஜாவுக்குப் பிறகு அதை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, மணிக் கணக்கில் வாடகை வாங்கித் தொட்டி நிரப்பிக் கொடுத்தார்கள். இன்று பல வீடுகளில் சொந்தமாகவே ஒன்று இருக்கிறது. புயலுக்குத் தப்பிய வீட்டில் ஜெனரேட்டரால் உயிர் போகலாம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, வாடையில்லை. முதலில் தலைவலி, பிறகு மயக்கம். தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். மழை நனைக்கும், திருட்டுப் போய்விடும் என்று திண்ணையிலோ கார் நிறுத்தும் இடத்திலோ மாடிப்படிக்குக் கீழேயோ வைத்துவிடுகிறார்கள். கூடாது. கதவு ஜன்னலிலிருந்து இருபது அடியாவது தள்ளி, வெட்டவெளியில், மேலே மட்டும் மறைப்புக் கட்டி வையுங்கள். கரி அடுப்பிலும் அதே வாயுதான் வருகிறது. கதவைச் சாத்திக்கொண்டு குளிருக்கு அதை உள்ளே வைக்க வேண்டாம். பெட்ரோல் ஊற்றுமுன் இயந்திரத்தை நிறுத்தி ஆற விடுங்கள்.

இன்னொன்று. ஜெனரேட்டர் வயரைச் சுவரிலுள்ள பிளக்கில் செருகி வீடு முழுக்க விளக்கு எரிய வைக்கும் வித்தை பலருக்குத் தெரியும். அந்த மின்சாரம் வீட்டோடு நிற்பதில்லை. சர்வீஸ் வயர் வழியாக வெளியே போய், டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி, 11,000 வோல்ட்டாகக் கம்பியில் நிற்கும். கஜா சமயத்தில் வேறு மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த மின் ஊழியர்கள், லைனில் மின்சாரம் இல்லை என்ற நம்பிக்கையில்தான் கம்பம் ஏறினார்கள். நம் வீட்டு விளக்கு அந்த மனிதரின் உயிரை எடுக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடுங்கள். அதுவரை எக்ஸ்டென்ஷன் வயரில் மோட்டாரையோ ஃப்ரிட்ஜையோ நேராக இணைத்தால் போதும்.

அறுந்து கிடக்கும் கம்பியை, ஊரே இருட்டாக இருந்தாலும், தொட வேண்டாம். பிள்ளைகளையும் அண்ட விடாதீர்கள். மின்னகம் 94987 94987 என்ற எண்ணுக்கோ மாவட்டப் பேரிடர் எண் 1077-க்கோ சொல்லிவிடுங்கள்.

ஃப்ரிட்ஜைத் திறக்காமல் விட்டால் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள், பாதி நிறைந்தது ஒரு நாள். கறி, மீன், பால் அதற்குமேல் போனால் முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாடை வராமலும் கெட்டிருக்கும். முதல் நாளே சமைத்து அக்கம்பக்கத்தோடு பகிர்ந்துவிடுவது நல்லது.

இன்சுலின் போடுகிறவர்கள் பதற வேண்டாம். இப்போது போட்டுக்கொண்டிருக்கும் புட்டி, வெயிலும் சூடும் படாத இடத்தில் 30 டிகிரிக்குள் இருந்தால் பெரும்பாலும் நான்கு வாரம் தாங்கும். உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்று இப்போதே டாக்டரிடமோ மருந்துக் கடையிலோ கேட்டு வையுங்கள். பிரிக்காத புட்டிகளுக்கு மண்பானை இருக்கிறது. பெரிய பானையில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னப் பானையை இறக்கி, புட்டியை உறையோடு அதில் வைத்து ஈரத்துணியால் மூடி, மணல் காயாமல் தண்ணீர் தெளித்து வாருங்கள். ஐஸ் மேல் நேராக வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் பிறகு உதவாது.

இன்வெர்ட்டரில் ஒரு மின்விசிறியும் இரண்டு எல்.இ.டி. விளக்கும் மட்டும் என்றால் ஓர் இரவைத் தள்ளலாம். முதல் நாள் டி.வி. பார்த்தே பேட்டரியைத் தீர்த்த வீடுகள் உண்டு. செல்போனில் பேச்சு கிடைக்காதபோதும் எஸ்.எம்.எஸ். சில நேரம் போகும். மெழுகுவர்த்தியைக் கொசுவலை, திரைச்சீலை பக்கம் வைக்காதீர்கள்.

கஜாவில் எங்களை உறுத்தியது வேறொன்று. லாரியில் தண்ணீர் வந்தபோது குடத்தோடு வரிசையில் நின்றவர்களுக்குக் கிடைத்தது. சபுரில் கணவர் இருக்க, கைக்குழந்தையோடு தனியாக இருந்த பெண்கள் வரவில்லை. இத்தாவில் இருந்தவர்கள் வாசலுக்கே வரவில்லை. மாடியில் படுத்த படுக்கையாக இருந்த பெரியவருக்காக யாரும் கேட்கவில்லை. இவர்கள் விவரம் எங்களிடம் இல்லாததால் நாங்களும் போகவில்லை. ஐந்தாம் நாள்தான் போனோம்.

அதற்காகத்தான் இந்த இதழோடு ஒரு சீட்டு வைத்திருக்கிறோம். வீட்டில் இன்சுலின், நெபுலைசர், ஆக்ஸிஜன் தேவைப்படுபவர், கைக்குழந்தை, தனியாக இருக்கும் பெண்கள், இத்தாவில் இருப்பவர், கைவிசைப் பம்போ கிணறோ உள்ள வீடு ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். பெயர் விவரம் எங்கள் அலுவலகத்தை விட்டு வெளியே போகாது. அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலிலும், பெண்களுக்காக மதரஸாவில் அஸருக்குப் பிறகும் வாங்கிக்கொள்வோம். எழுத வராதவர்கள் சொன்னால் போதும், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.